தபாலில் நடந்த அறிவியல்: முதிய டார்வினின் கடிதப் போக்குவரத்து

1870களில் சார்லஸ் டார்வின் பயன்படுத்திய கடிதத்தாளின் தலைப்பில் முகவரி இப்படி அச்சாகியிருக்கும்: டௌன், பெக்கன்ஹாம், கென்ட். அதனுடன் இன்னொரு வரியும் உண்டு: ரயில் நிலையம் ஓர்பிங்டன், தென்கிழக்கு ரயில்வே. ஒரு வீட்டுக்கு எதற்கு மூன்று ஊர்ப் பெயர்? டௌன் என்பது அவர் இருந்த கிராமம். பெக்கன்ஹாம் கடிதங்கள் பிரிக்கப்படும் தபால் ஊர். ஓர்பிங்டனில்தான் பெட்டிகளையும் விருந்தாளிகளையும் இறக்க வேண்டும். உலகத்தோடு தனக்கு இருந்த தொடர்பு முழுவதையும் அந்த மனிதர் இரண்டு வரியில் அச்சடித்து வைத்திருந்தார்.

லண்டனிலிருந்து ஏறத்தாழ 16 மைல் தூரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு 1842இல் குடிவந்தார். 1882 ஏப்ரலில் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், அங்கேயே இருந்தார். நடுவில் கடல் கடந்து எங்கும் போகவில்லை. பீகிள் கப்பலில் ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றிய இளைஞனின் படம்தான் நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அவருடைய புத்தகங்கள் எல்லாம் கரைக்கு வந்த பின் எழுதியவை; அவற்றில் பெரும்பாலானவை நாற்காலியில் உட்கார்ந்து, தபாலில் கேட்டு வாங்கிய விவரங்களின் மேல் நிற்பவை. இன்று கிடைத்திருக்கும் அவருடைய கடிதங்கள், அவருக்கு வந்தவையும் சேர்த்து, சுமார் 15,000. கடிதம் எழுதிக்கொண்டவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். இந்தக் கடிதங்களை ஒரு பெரிய மனிதரின் ஓய்வுநேரப் பழக்கமாகப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாதி அந்தத் தபால் பைக்குள் இருந்தது. அந்தக் கூடத்தில் தினமும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: முகம் தெரியாத ஒருவர் தான் பார்த்ததாக எழுதுகிறார், அவர் கண்ணை நம்பலாமா?

இது நடக்க முதலில் தபால் மலிவாக வேண்டியிருந்தது. 1840க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்கான காசைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுப்பார். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் ஏறும். 1840இல் பென்னி தபால் வந்தது. அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னியில் போயிற்று. 1870இல் அரைப் பென்னி அஞ்சலட்டையும் வந்தது. ஒரு செருப்புத் தயாரிப்பாளரோ தோட்டக்காரரோ நாட்டின் மிகப் புகழ்பெற்ற இயற்கையியலாளருக்கு யோசிக்காமல் எழுதலாம் என்ற நிலைமை அப்போதுதான் உருவாயிற்று. அறிமுகக் கடிதமோ சங்க உறுப்பினர் பதவியோ தேவையில்லை.

அவருடைய நாள் எப்படிப் போனது என்பதை மகன் ஃபிரான்சிஸ் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார். 1876இல் மனைவி பிரசவத்துக்குப் பின் இறந்துவிட, கைக்குழந்தையோடு ஃபிரான்சிஸ் டௌனுக்கே திரும்பி வந்து தந்தைக்கு உதவியாளராகவும் எழுத்தராகவும் இருந்தார். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வேலை. ஒன்பதரைக்குக் கூடத்துக்கு வந்து, வந்திருக்கும் கடிதங்களைப் பார்ப்பார். கட்டு சிறியதாக இருந்தால் மகிழ்ச்சி. பெரியதாக இருந்தால் முகம் வாடும். குடும்பக் கடிதங்களைச் சோபாவில் படுத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பதில் எழுதும் நேரம் மதியச் சாப்பாட்டுக்கும் செய்தித்தாளுக்கும் பிறகு. கணப்புக்குப் பக்கத்தில் குதிரைமயிர் மெத்தை வைத்த பெரிய நாற்காலி. அதன் இரு கைகளின் மேல் குறுக்காக ஒரு பலகை. பலகையின் மேல் தாள். நீளமான கடிதமாகவோ எண்ணிக்கை அதிகமாகவோ இருந்தால் முதலில் கரடாக ஒரு வரைவு எழுதிக்கொண்டு அதைப் பார்த்துச் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதுவார்கள். கரடு எழுதுவது பழைய கையெழுத்துப் படியின் பின்பக்கத்திலோ அச்சுப் பிழை திருத்திய தாளின் பின்பக்கத்திலோ. அவர் எழுத்து அவருக்கே சில நேரம் புரியாது. வெளிநாட்டவருக்கான கடிதம் என்றால் மட்டும் எழுதுபவரிடம் திருத்தமாக எழுதும்படி சொல்வார். முக்கியமான கேள்வி வரும்போது புதிய பத்தியில் தொடங்கச் சொல்வார்; படிப்பவர் கவனமில்லாமல்தான் படிப்பார், அவர் கண்ணில் பட வேண்டும் என்பது அவர் கணக்கு. கடிதத்தில் கேள்வி கேட்டுக் காரியம் சாதிக்க வேண்டியவர்கள் இன்றைக்கும் கற்றுக்கொள்ளத்தக்க தந்திரம் அது.

வந்த கடிதங்கள் என்ன ஆயின? ஆரம்ப காலத்தில் நம் ஊர் மளிகைக் கடையில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பி போன்ற ஒன்றில் குத்தி வைத்தார். கம்பிகள் நிறைந்ததும் பல வருடக் கடிதங்களை ஒன்றாகக் கொளுத்திவிட்டுக் கம்பியைத் திரும்பப் பயன்படுத்திக்கொள்வார். 1862க்கு முன் வந்தவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. வரலாற்றாசிரியர்களுக்கு வயிற்றெரிச்சல், அவருக்கோ கம்பிதான் முக்கியம். பிறகு சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தியதால் முக்கியமானவற்றைப் பாதுகாக்கத் தொடங்கினார். பாதுகாத்த கடிதங்களும் முழுசாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஒரே கடிதத்தில் புறாவைப் பற்றி ஒரு பத்தி, ஆர்க்கிட் பற்றி ஒரு பத்தி இருந்தால், கத்தரிக்கோலால் வெட்டி அந்தந்தப் பொருளுக்குரிய உறையில் போட்டுவிடுவார். முப்பது நாற்பது பெரிய உறைகள் பெயர் ஒட்டிய அலமாரித் தட்டுகளில் இருந்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். புத்தகம் எழுத உட்கார்ந்ததும் அந்த உறையை எடுத்தால் போதும், பல வருடத் தகவல் கையில் இருக்கும்.

தேவையில்லாத கடிதங்களும் ஏராளமாக வந்தன. கையெழுத்துக் கேட்பவர்கள், கடவுள் உண்டா என்று கேட்பவர்கள், தங்கள் சொந்தப் பிரபஞ்சக் கொள்கையை இருபது பக்கத்தில் விளக்குபவர்கள். இந்தத் தொல்லைக்காக ஒரு பதில் படிவமே அச்சடித்து வைத்திருந்தார். ஆனால் அதை அனுப்பியது மிக அபூர்வம். அதற்குச் சரியான சந்தர்ப்பம் எதுவும் கிடைக்கவில்லை போலும் என்று ஃபிரான்சிஸ் கிண்டலாக எழுதுகிறார். ஒரு முறை முன்பின் தெரியாத இளைஞர் ஒருவர் எழுதினார்: விவாத மன்றத்தில் பரிணாமத்தை ஆதரித்துப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன், எனக்கு நிறைய வேலை, படிக்க நேரமில்லை, உங்கள் கொள்கையைச் சுருக்கி அனுப்புங்கள். அவருக்கும் மரியாதையான பதில் போயிற்று. பதில் எழுதாவிட்டால் மனசாட்சி உறுத்துகிறது என்பது டார்வின் சொன்ன காரணம். அது உண்மைதான், எனினும் முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கிறுக்கனின் கடிதத்துக்குள் ஒரு நல்ல தகவல் ஒளிந்திருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. மரியாதை அவருடைய சுபாவம், அதே மரியாதை அவர் வீசிய வலையும்கூட.

வலையில் குப்பையும் விழும். தன்வரலாற்றில் அவரே சொல்லும் அவரைக்காய்க் கதை இது. இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்து ஒருவர், அந்தப் பகுதியில் நல்ல தாவரவியலாளர் என்று பின்னர் தெரியவந்தவர், எழுதினார்: இந்த வருடம் அவரை விதைகள் எல்லாம் காயின் தவறான பக்கத்தில் விளைந்திருக்கின்றன. டார்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் கேட்டு எழுதினார். வெகுநாள் பதில் இல்லை. அதற்குள் கென்டில் ஒரு பத்திரிகையும் யார்க்ஷயரில் ஒரு பத்திரிகையும் அதே செய்தியைப் போட்டன. இவ்வளவு பேர் சொன்னால் ஏதோ இருக்க வேண்டுமே என்று தன் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டார். அந்தக் கிழவர் தயங்காமல் சொன்னார்: அது தப்பாக இருக்கும் ஐயா, லீப் வருடத்தில்தான் அவரை தவறான பக்கம் விளையும், இது லீப் வருடம் இல்லையே. சாதாரண வருடத்தில் எப்படி விளையும் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் முதல் ஆளிடமிருந்து நிறைய மன்னிப்போடு கடிதம் வந்தது. விவரம் தெரிந்த பல விவசாயிகள் சொன்னதால்தான் எழுதினாராம். திரும்பப் போய் அவர்கள் ஒவ்வொருவரையும் விசாரித்தால், தாங்கள் எதைச் சொன்னோம் என்றே ஒருவருக்கும் தெரியவில்லையாம். ஆதாரமே இல்லாத ஒரு நம்பிக்கை இங்கிலாந்து முழுவதும் பரவ முடியும் என்று டார்வின் இதை எழுதி முடிக்கிறார்.

பட்ட அனுபவமோ என்னவோ, அவர் தானாக அனுப்பிய கேள்விகளில் எச்சரிக்கை தெரிகிறது. 1867 தொடக்கத்தில், உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதம் எல்லா மனித இனத்திலும் ஒன்றுதானா என்று அறிய, 16 கேள்விகள் கொண்ட ஒரு தாளை அச்சடித்து உலகம் முழுவதும் அனுப்பினார். வியப்பில் கண்ணும் வாயும் விரிந்து புருவம் உயர்கிறதா? வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? ஆமாம் என்பதற்குத் தலையை மேலும் கீழும், இல்லை என்பதற்குப் பக்கவாட்டிலும் அசைக்கிறார்களா? அடியில் ஒரு குறிப்பு: பொதுவான கருத்துகளுக்கு மதிப்புக் குறைவு, நினைவு ஏமாற்றும், தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். 36 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் பலர் பாதிரியார்கள், காலனி அதிகாரிகள். பேரரசின் தபால் வழியும் அதன் வேலையாட்களும் இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்காது.

அந்த 36 பேரில் டார்வின் மிக உயர்வாகப் பாராட்டியது கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த ஜான் ஸ்காட் என்பவரை. ஸ்காட் எடின்பரோவில் தோட்டக்காரராக இருந்தவர். 1862இல் டார்வினின் ஆர்க்கிட் புத்தகத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டித்தான் அவருக்கு அறிமுகமானார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, மாறாக, நீண்ட கடிதங்களில் சோதனை செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார். 1864இல் இந்தியாவுக்குக் கப்பல் செலவையும் கொடுத்தார். கல்கத்தாத் தோட்டத்தில் பல பகுதிகளிலிருந்து வந்து வேலை செய்த மக்களின் முகபாவங்களை ஸ்காட் நெடுநாள் கவனித்து எழுதினார். செடிகளைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் இது, அதனால் நம்பலாம் என்பது டார்வினின் தீர்ப்பு. பட்டமோ பதவியோ அங்கே குறுக்கே வரவில்லை.

ஆனால் எல்லா நேரமும் அப்படி இருந்ததா? இலங்கை யானைகளின் கதையைப் பார்க்கலாம்.

மனிதன் அழும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் சுருங்குகின்றன, அந்த அழுத்தத்தால் கண்ணீர் வருகிறது என்பது டார்வினின் கருத்து. யானையும் அழும் என்று கேள்விப்பட்டிருந்தார். இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட், பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் அசையாமல் கிடந்து கண்ணீர் வடித்ததாக எழுதியிருந்தார். லண்டன் மிருகக்காட்சிசாலையின் யானைப் பாகனும் கண்ணீரைப் பார்த்ததாக உறுதியாகச் சொன்னார். அங்கே யானைகளைப் பிளிற வைத்துக் கண் தசை சுருங்குவதை டார்வினே பார்த்தார். போதாதென்று பேராதனைத் தோட்டத்தின் தலைவர் துவெய்ட்ஸுக்கு எழுதினார். அதன் பலனாக க்ளெனி என்ற பாதிரியாரும் வேறு சிலரும் புதிதாகப் பிடிபட்ட ஒரு யானைக் கூட்டத்தை அவருக்காகவே போய்ப் பார்த்தார்கள். பதில் கடிதம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. சீண்டினால் யானைகள் உரக்கக் கத்துகின்றன, கண் தசை சுருங்கவில்லை, கண்ணீரும் இல்லை. யானை பிடிக்கும் உள்ளூர் ஆட்களும் தாங்கள் யானை அழுது பார்த்ததே இல்லை என்கிறார்கள்.

உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872இல் வெளிவந்த நூலில் டார்வின் இதை மறைக்கவில்லை. அடிக்குறிப்பில் முழுவதையும் போட்டார். போட்டுவிட்டு, ஆனாலும் டென்னன்ட் தெளிவாகச் சொல்லியிருப்பதைச் சந்தேகிக்க முடியாது, லண்டன் பாகனும் அதை உறுதிப்படுத்துகிறார் என்று முடித்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் யானையோடு பழகியவர்களின் சொல் ஒரு பக்கம். கனவானின் புத்தகமும் கூண்டு யானையின் பாகனும் மறுபக்கம். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது பாருங்கள். இதில் அவருடைய கருத்துக்குச் சாதகமான சாட்சியம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதே சமயம், எதிரான கடிதத்தை அவர் அச்சில் ஏற்றியிருக்காவிட்டால் நாம் இந்தக் குறையைச் சொல்லவே முடியாது. க்ளெனியின் பெயர் அச்சில் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் பெயர் இல்லை. அவர்கள் தமிழரா சிங்களரா என்றுகூட அந்தக் குறிப்பிலிருந்து தெரியாது.

தூரத்திலிருந்து வந்த கடிதங்களில் மிகச் செழிப்பானவை ஃபிரிட்ஸ் முல்லருடையவை. ஜெர்மனியிலிருந்து 1852இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1865இல் டார்வின் அவருக்கு முதல் கடிதம் எழுதினார். பதினேழு வருடம் அது தொடர்ந்தது. இருவரும் ஒரு முறைகூட நேரில் சந்தித்ததில்லை. கொடிகள், ஆர்க்கிட்கள், கறையான்கள், வண்ணத்துப்பூச்சிகள் என்று காட்டோரத்தில் பார்த்ததையெல்லாம் முல்லர் எழுதி அனுப்ப, டார்வின் அவற்றில் சிலவற்றை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளியிட வைத்தார். 1880இல் பெருவெள்ளம் முல்லரின் வீட்டைத் தாக்கிய செய்தி வந்ததும், புத்தகமோ நுண்நோக்கியோ போயிருந்தால் 50 அல்லது 100 பவுண்டு அனுப்புகிறேன், அறிவியலுக்கு நஷ்டம் வரக் கூடாது என்று முல்லரின் தம்பி மூலமாகக் கேட்டார். முல்லர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

பணம் பற்றிய கடிதங்கள் அந்தக் கடைசி ஆண்டுகளில் நிறையவே இருக்கின்றன. உருளைக்கிழங்கு அழுகல் நோயைத் தாங்கும் ரகங்களை உருவாக்க முயன்ற பெல்ஃபாஸ்ட் வணிகர் ஜேம்ஸ் டார்பிட்டுக்காகத் தன் கையிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் திரட்டிக் கொடுத்தார். இயற்கைத் தேர்வைத் தன்னோடு சேர்ந்து கண்டறிந்த வாலஸ் வருமானமில்லாமல் தவிப்பதை அறிந்து, அரசு ஓய்வூதியம் கேட்டு ஒரு மனுவைத் தயாரித்தார். யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று கடிதம் மேல் கடிதம். 1881 ஜனவரியில் ஆண்டுக்கு 200 பவுண்டு கிடைத்தது. எதிர்த்திசையிலும் ஒரு கடிதம் வந்தது. 1878இல் ஆந்தனி ரிச் என்ற முதியவர், வாரிசு இல்லாத தன் சொத்தை டார்வினுக்கு எழுதிவைக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு முன் அவர்கள் பழகியதே இல்லை.

மண்புழுப் புத்தகம்தான் டார்வினின் கடைசி நூல். அதில் தபாலின் வேலையை வரிக்கு வரி காணலாம். புழுக்கள் மண்ணை விழுங்கி மேலே கொண்டுவந்து கழிக்கின்றன. அந்த மண் சிறிது சிறிதாகச் சேர்ந்து மேற்பரப்பில் உள்ள கற்களையும் பழைய கட்டடங்களையும் புதைக்கிறது என்பது அவர் சொல்ல வந்தது. இதற்கு அளவு வேண்டும். அளவுக்குக் கண்கள் வேண்டும். சர்ரே மாவட்டத்தில் லீத் ஹில் பிளேஸில் அக்காள் கரோலினின் குடும்பம் இருந்தது. அங்கே குறிக்கப்பட்ட ஒரு சதுர கஜ நிலத்தில் புழுக்கள் கழித்த மண்ணை ஒரு வருடம் முழுவதும் பொறுக்கி, உலர்த்தி, எடைபோட வேண்டும். அந்த வேலையைச் செய்தவரை நூலில் 'துல்லியத்தில் முழுமையாக நான் நம்பக்கூடிய ஒரு பெண்மணி' என்று மட்டும் குறிப்பிடுகிறார். அபிங்கரில் ஃபேரர் என்ற நண்பரின் நிலத்தில் ரோமானியர் காலக் கட்டடத் தரை வெளிப்பட்டபோது, அந்தத் தரையில் தினமும் எத்தனை புழுத்துளைகள் தென்படுகின்றன என்று ஃபேரர் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்.

இந்தியாவிலிருந்து வந்த மண்ணுக்கும் அந்த நூலில் இடம் உண்டு. கல்கத்தா தோட்டத்துப் புழு கழித்த, கோபுரம் போல எழும்பிய மண்குவியலின் படம் ஒன்று இருக்கிறது. அதை அடுத்து நீலகிரி மலையிலிருந்து வந்த ஒரு குவியல், புகைப்படத்தைப் பார்த்து அதே அளவில் செதுக்கியது. ஊட்டிப் பக்கத்துப் புல்வெளியில் எந்தப் புழுவோ கழித்த ஒரு பிடி மண் உலர்ந்து, பொட்டலமாகிக் கடல் கடந்து கென்ட் மாவட்டத்தில் ஒரு கிழவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேல் உலர் மண் புழுக்களின் உடல் வழியாகப் போகிறது என்று அவர் கணக்கிட்டதும், புழுவைச் சாதாரணமாக நினைத்திருந்த வாசகர்கள் அசந்துபோனார்கள்.

1881 அக்டோபரில் புத்தகம் வந்தது. சில வாரத்தில் ஆயிரக்கணக்கில் விற்றது. உடனே கடித வெள்ளம். முடிவில்லாமல் வருகின்றன, பெரும்பாலானவை அசட்டுத்தனமும் உற்சாகமும் கலந்தவை என்று நவம்பரில் ஒரு நண்பரிடம் அலுத்துக்கொள்கிறார். அதே வாக்கியத்தில், சிலவற்றில் நல்ல தகவல்கள் இருந்தன, ஆறாவது ஆயிரம் படிகளுக்கான திருத்தத்தில் நேற்று அவற்றைச் சேர்த்துவிட்டேன் என்றும் எழுதுகிறார். 72 வயது, இதயம் பலவீனம், அலுப்பு. ஆனாலும் குப்பையைக் கிளறி மணியைப் பொறுக்காமல் விடவில்லை.

கடித உறை தொலைந்துபோனால் வரலாறு எப்படிக் குழம்பும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் இங்கே. 1880 அக்டோபர் 13 தேதியிட்டு, தன் நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்க விரும்பிய ஒருவருக்கு மறுப்பு எழுதினார். விளிப்பில் பெயர் கிடையாது, 'அன்புள்ள ஐயா' மட்டும். அந்தக் கடிதம் பின்னாளில் கார்ல் மார்க்ஸின் தாள்களுக்கு நடுவில் கிடைத்தது. மார்க்ஸ் 'மூலதனம்' நூலைக் காணிக்கையாக்க விரும்பினார், டார்வின் மறுத்தார் என்ற கதை 1930களில் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புத்தகம் புத்தகமாக ஓடியது. உண்மையில் கடிதம் போனது எட்வர்ட் ஏவ்லிங்குக்கு. அவர் மார்க்ஸின் மகள் எலினாரின் துணைவர். இருவர் தாள்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மார்க்ஸுக்கு டார்வின் எழுதியது 1873இல் ஒரு சிறிய நன்றிக் கடிதம். மார்க்ஸ் அன்பளித்த பிரதியில் பெரும்பாலான பக்கங்கள் ஓரம் வெட்டிப் பிரிக்கப்படாமலே இன்றும் இருக்கின்றன.

1881 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து கரோலின் கென்னார்ட் என்ற பெண்மணி எழுதினார். பெண்களின் கூட்டம் ஒன்றில், பெண் அறிவில் ஆணுக்குக் கீழானவள் என்று அறிவியலே சொல்கிறது, டார்வினே சொல்லியிருக்கிறார் என்று ஒருவர் பேசினாராம். தவறு இருந்தால் திருத்துங்கள் என்பது கோரிக்கை. ஜனவரி 9 அன்று பதில் போயிற்று. ஒழுக்கப் பண்புகளில் பெண்கள் பொதுவாக உயர்ந்தவர்கள், அறிவில் தாழ்ந்தவர்கள் என்றே எழுதினார். சமமாக வேண்டுமானால் ஆண்களைப் போலப் பெண்களும் சம்பாதிக்க வேண்டியிருக்கும், அப்போது குழந்தைகளின் படிப்பும் வீட்டின் மகிழ்ச்சியும் கெடும் என்பது மீதி. லீத் ஹில்லில் ஒரு வருடம் மண்ணை எடைபோட்ட பெண்ணின் துல்லியத்தை அச்சில் புகழ்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் மேரி ட்ரீட் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி அனுப்பிய அவதானிப்புகளை அவர் தன் நூலில் பெயரோடு பயன்படுத்தியும் இருந்தார். தபால் பையில் வந்துகொண்டே இருந்த சான்றுகளை, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் எந்த உறையிலும் சேர்க்கவில்லை.

கென்னார்ட் சும்மா இருக்கவில்லை. ஜனவரி 28 தேதியிட்ட அவருடைய பதில் சூடானது. பெண்கள் வீட்டுக்குள்ளும் வெளியிலும் சம்பாதிக்காமலா இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஆணுக்குக் கிடைக்கும் சூழலும் வாய்ப்பும் பெண்ணுக்கும் கிடைக்கட்டும், அதன் பிறகு நியாயமாக எடைபோட்டு அறிவில் தாழ்ந்தவள் என்று சொல்லுங்கள், தயவுசெய்து என்று முடித்தார். ஒப்பிடும் இரண்டுக்கும் சூழலைச் சமமாக்கிவிட்டு வித்தியாசத்தைப் பார் என்பது சோதனையின் அரிச்சுவடி. அதை அவருக்கே ஒரு கடிதம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்து நார்தாம்ப்டனிலிருந்து வால்டர் கிரிக் என்ற காலணித் தயாரிப்பாளர் எழுதினார். பிப்ரவரி 18 அன்று ஒரு நீர் வண்டைப் பிடித்தபோது அதன் காலைக் கவ்வியபடி ஒரு சிறிய நன்னீர்ச் சிப்பி தொங்கியது என்பது செய்தி. நடக்கவும் பறக்கவும் முடியாத குளத்துச் சிப்பிகள் எப்படி ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகின்றன என்பது 1859இலேயே டார்வின் கையாண்ட புதிர். வாத்தின் காலை மீன்தொட்டியில் தொங்கவிட்டு, நத்தைக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்கின்றனவா என்றுகூடப் பார்த்தவர். 1878இல் அமெரிக்காவிலிருந்து ஒருவர், சுடப்பட்ட வாத்தின் விரலைச் சிப்பி கவ்வியிருந்ததை அனுப்பியபோது 'நேச்சர்' இதழில் எழுதினார். இப்போது பறக்கும் வண்டு.

பிப்ரவரி 21 அன்றே கேள்விகள் போயின. சிப்பியின் நீளம் அகலம் என்ன, காலில் எவ்வளவு பகுதியைக் கவ்வியிருந்தது, எந்தக் கால்? கிரிக் விவரத்தோடு வண்டையும் சிப்பியையும் அனுப்பிவைத்தார். பெட்டியைத் திறந்தால் வண்டுக்கு இன்னும் லேசாக உயிர் இருந்தது. பாவப்பட்ட அந்த வண்டை நறுக்கிய லாரல் இலைகளோடு ஒரு புட்டியில் போட்டுவிட்டேன், சிரமமில்லாமல் சீக்கிரம் சாகட்டும் என்று கிரிக்குக்கு எழுதினார். லாரல் இலையை நறுக்கினால் சயனைடு வாயு வெளிப்படும். பூச்சி சேகரிப்பவர்களின் பழைய உத்தி அது.

கட்டுரை 1882 ஏப்ரல் 6 'நேச்சர்' இதழில் வந்தது. கிரிக்கின் பெயர், ஊர், சிப்பி பிடிபட்ட தேதி எல்லாம் இருந்தன. 13 நாள் கழித்து டார்வின் இறந்தார். கிரிக்கின் பேரன்தான் டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் என்பதைத் தற்செயலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பலரும் அதில் வேறு எதையோ தேடுகிறார்கள். சிப்பிப் புதிரைப் பின்தொடர்ந்தவர் வேறொருவர். இத்தகைய சிதறிய குறிப்புகளைத் திரட்டி ஹாரி வாலிஸ் கியூ 1893இல் சிப்பிகளும் நத்தைகளும் பரவும் விதம் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவர் வாலஸ்.